கிழக்கு வரிசையில் ஒரு கல்

செய்தி வந்தபோது காலை ஆறே முக்கால் மணி. நஜ்மா குழாயடியில் கணவரின் கைலியை அலசிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவர் கட்டியிருந்த கைலி. முழங்கால் வரை சுண்ணாம்புக் கறை. மூன்று முறை தண்ணீர் மாற்றியும் வாளி தெளியவில்லை. பிழியப் பிழிய வெள்ளை வந்துகொண்டே இருந்தது. உள்ளே கைபேசி அடித்தது. ஈரக் கையோடு போய் எடுத்தாள். பஷீருதீனின் எண்தான். குரல் அவருடையதல்ல.

"தங்கச்சி, நான் துலுக்கானம் பேசறேன். கபர்ஸ்தானுக்கு எதிர்ல குடோன் கீதுல்ல, அதுல வாட்ச்மேன். ஊட்ல ஆம்பளைங்க யார்னா கீறாங்களா?"

"இல்லையே அண்ணே. அவர் எங்கே?"

"இங்கதாம்மா கீறாரு. குந்திகினு பூசிகினே இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. நான் ரோட்ட தாண்டி ஓடியாரதுக்குள்ள..." அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். "கையில இருந்து பிரஷ்ஷ எடுக்க முடியலம்மா. அவ்ளோ இறுக்கமா புடிச்சிகினு கீறாரு."

நஜ்மா திரும்பிப்போய், திறந்திருந்த குழாயை மூடினாள்.

பஷீருதீன் பூந்தமல்லிக்காரர். குமணன்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் ஒரே மகன். புவியியலில் பட்டம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சில வருடம் அலைந்து, கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தவர். சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களையெல்லாம் சேர்த்து அரசு தீட்டும் மண்டலத் திட்டத்துக்கு அந்த நிறுவனம் வரைபடம் தயாரித்துக் கொடுத்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் சதுரம் சதுரமாக விரித்து, எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து வண்ணம் பூசுவது அவர் வேலை. வீடு மஞ்சள், கடை நீலம், தொழிற்சாலையும் கிடங்கும் ஊதா, வயல் பச்சை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், கோயில், இடுகாடு எல்லாம் சிவப்பு. எதுவும் இல்லாத இடம் சாம்பல்.

அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், "மஞ்சள், மஞ்சள், ஊதா... இது போன வருஷம் பச்சையா இருந்தது" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். வேலையிடத்தில் அவருக்குக் 'கலர் பாய்' என்று பெயர்.

"நம்ம வீடு என்ன கலர்ங்க?" என்று ஒருநாள் நஜ்மா கேட்டாள்.

"கீழே அயர்ன் கடை இருக்கு. பாதி நீலம், பாதி மஞ்சள். உனக்கு எந்தப் பாதி வேணுமோ எடுத்துக்க."

"சமையல்கட்டு?"

"அது ஊதா. ஃபாக்டரி."

மேலிருந்து பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும் என்பார். அவளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். உயரத்திலிருந்து பார்த்தால் மனிதன் ஒரு புள்ளிதான், மரம் ஒரு புள்ளிதான், தண்ணீர்த் தொட்டியும் ஒரு புள்ளிதான். எது என்ன என்று காட்டிக்கொடுப்பது நிழல். நிழல் நீளமென்றால் உயரமான பொருள், குட்டையென்றால் குட்டை. நிழலே இல்லையென்றால் அது தரையோடு தரை.

அந்த அலுவலகத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் நிலத்துக்கு வண்ணம் பூசுவார்கள். அடுத்த அறையில், எந்தச் சாலைக்கு முதலில் பணம் கொடுப்பது, எந்தப் பேருந்து நிலையத்தை அப்புறம் பார்த்துக்கொள்வது என்று வரிசை போடுவார்கள். முன்பெல்லாம் இந்த இரண்டு வேலையும் வேறு வேறு இடத்தில் நடந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆவடிப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்து வருடக்கணக்காகியும் உள்ளே பேருந்து போகாது. ஆளில்லாத பொட்டலில் அகலச் சாலை போய் முள்வேலியில் முட்டி நிற்கும். இனிமேல் நிலத்தின் வண்ணத்தைப் பார்த்துத்தான் சாலைக்குப் பணம் என்று விதி வந்த அன்று பஷீருதீன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூந்தமல்லியிலிருந்து எஸ்டேட்டுக்கு இருபது வருடம் நின்றுகொண்டே போய்வந்து இடுப்பை இழந்த மனிதர் அவர். கீழே குந்தினால் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் முட்டுக்கொடுக்காமல் அவரால் உட்கார முடியாது.

விதி எளியது. வீடுகளையும் வேலையிடங்களையும் சேர்க்கும் சாலைக்கு மதிப்பெண் அதிகம். நடுவில் சாம்பல் நிலம் கிடைத்தால் இன்னும் அதிகம். இடிக்க வேண்டியது ஒன்றுமில்லை, இழப்பீடும் இல்லை.

வரைபடம் முடிந்து மக்கள் பார்வைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நஜ்மாவை அழைத்துக்கொண்டு போனார். தன் வேலையைப் பெருமையோடு காட்ட வேண்டும் என்ற ஆசை. செம்பரம்பாக்கம் பக்கத்துக் குடோன்களிலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு வரப்போகும் இணைப்புச் சாலை, பட்டியலில் முதல் இடம். "இது வந்துட்டா லாரியெல்லாம் பஜாருக்குள்ள வராது" என்று சொல்லியபடி கோட்டின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஒரு சாம்பல் கட்டத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"என்னங்க?"

"நஜ்மா, இது அம்மா" என்றார்.

குடோன்களுக்கு எதிரே ஜமாஅத்தின் பழைய கபர்ஸ்தான் இருந்தது. அவர் தாயை அடக்கிய இடுகாடு அது. அங்கே கட்டடம் என்று எதுவும் கிடையாது. அடக்கிய இடத்தில் மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு கல் நடுவதோடு சரி. இரண்டு மழைக்காலம் போனால் மண் அமுங்கிவிடும். கல்லும் முக்கால்வாசி புதைந்து, மேலே புல் படர்ந்துவிடும். நிழல் விழ எதுவும் மிஞ்சாது. வேலைக்கு வரும் சதுரத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பஷீருதீன் அந்த எண்ணைத் திறந்தார், பார்த்தார், ஒன்றுமில்லை என்று சாம்பல் பூசினார், அடுத்ததற்குப் போனார். இரண்டு பெருநாளும் தொழுதுவிட்டு நேரே போய் நிற்கிற இடம். தரையில் நின்றே பார்த்துப் பழகிய இடம் மேலிருந்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மேலாளர் ரகுநாதனிடம் போனார்.

"பத்திரம் கொண்டாங்க பஷீர், இப்பவே மாத்திடறேன்" என்றார் ரகுநாதன்.

"உட்பிரிவு ஆகாத நிலம் சார், தனிப் பத்திரம் கிடையாது. பேப்பர் வர ஒரு வருஷம் ஆகும்."

"நிதிப் பட்டியல் அடுத்த மாசம் மூடிடுவாங்களே. மூடிட்டா அந்தக் கோட்டை நானும் நகர்த்த முடியாது, என் அப்பாவும் நகர்த்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். மூடறதுக்கு முன்னாடி ட்ரோன் ஒரு தடவை பறக்கும். அந்தப் படத்துல கபர்ஸ்தான்னு தெரிஞ்சா நானே சிவப்பு போட்டுடறேன். ஆனா மேலேர்ந்து தெரியணும். நீங்க சொன்னீங்க, நான் சொன்னேன்னு போட முடியாது."

மேலிருந்து தெரிய வேண்டும். வீடு வந்து சேரும் வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலையே சுண்ணாம்பும் பிரஷ்ஷும் வாங்கினார்.

ஜமாஅத் செயலாளர் ஜுல்ஃபிகர் விஷயம் கேள்விப்பட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "கபரைப் பூசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா பஷீரு?"

"கபரைப் பூசலைண்ணே. கல்லுக்கு மட்டும். அது அடையாளம்தானே?"

ஜுல்ஃபிகர் தாடியைத் தடவினார். "கல்லோட நிறுத்திக்க. மண்ணுல ஒரு சொட்டு விழக் கூடாது. எங்களை இதுல இழுக்காதே, நாங்க மனு குடுத்திருக்கோம். உன் ஆபீஸ் புத்திக்கு அமாவாசையும் பிறையும் ஒண்ணுதான்ப்பா."

தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஸ்கூட்டரில் போனார். புல்லைப் பிடுங்குவார், கல்லைத் தேடுவார், சுரண்டுவார், பூசுவார். எட்டு மணிக்குக் குளித்துவிட்டு அலுவலகம். மேற்கு ஓரத்தில் தொடங்கிக் கிழக்கே வந்துகொண்டிருந்தார். அவர் தாயின் கல் கிழக்கு வரிசையில், கடைசி.

"மாமிய முதல்ல பூசியிருக்கலாமே" என்றாள் நஜ்மா.

"வேண்டாம். தன் வீட்டு ஆளை முதல்ல பார்த்துக்கிட்டான்னு பேச்சு வரும். அம்மா பொறுத்துக்கும்."

நஜ்மா அந்த இடத்தைப் பார்த்ததில்லை. பெண்கள் அங்கே போகும் வழக்கம் கிடையாது. மண்டபத்துக்குப் போய்வந்த பிறகு, மாமியாரின் கபர் எங்கே என்று அவர் ஒருமுறை கணினியில் வானத்துப் படத்தைத் திறந்து காட்டியிருந்தார். விரல்நுனி அகலப் பச்சைப் புல். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சில நாள் கழித்துச் சாப்பிடும்போது சொன்னார்: "நேத்து பாதி பூசிட்டு விட்டுட்டு வந்த கல்லு, இன்னைக்குப் போனா முழுசா பூசியிருக்கு."

"அந்த வாட்ச்மேன் அண்ணனா இருக்கும்."

"கேட்டேனே." பஷீருதீன் சிரித்துக்கொண்டே துலுக்கானத்தின் குரலில் பேசிக்காட்டினார். "'எனக்கு வேற பொழப்பு இல்லயா பாய்? ராவெல்லாம் கண்ணு முழிச்சிகினு குடோன பாத்துக்கறேன், விடிஞ்சா உங்காளுங்களுக்கு பவுடர் வேற அடிச்சி உடணுமா? உள்ள கீறவங்களே ஏந்து வந்து ஆளுக்கு ஒரு கை பூசிக்கிறாங்க போல. உடு, கூலி மிச்சம்'னாரு."

நஜ்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகும் அப்படி நடந்தது. அவர் கை வைக்காத இடத்தில் புல் பிடுங்கிக் குவித்திருந்தது. மூடிவைத்த வாளிக்குமேல் காய்ந்துகிடக்க வேண்டிய பிரஷ் ஈரமாக இருந்தது. முதலில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், "வேலை சீக்கிரம் முடியுது" என்பதோடு சரி. ஒரே ஒரு முறை, செருப்பு மாட்டும்போது அவராகவே சொன்னார்: "உள்ளே நுழையும்போது அடங்கியிருக்கறவங்களுக்கு ஸலாம் சொல்றது வழக்கம் இல்லையா, இப்பல்லாம் சொல்லிட்டுக் கொஞ்சம் நிக்கிறேன்."

"எதுக்கு?"

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

கிழக்கு வரிசையை ஆரம்பிக்க வேண்டிய அன்றுதான் துலுக்கானத்திடமிருந்து அந்த அழைப்பு வந்தது.

குளிப்பாட்டியவர்கள் பிறகு ஜுல்ஃபிகரிடம் ஒன்று சொன்னார்கள். அவர் மனைவி வழியாக அது நஜ்மாவின் காதுக்கும் வந்தது. நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பு போகவேயில்லையாம். கழுவக் கழுவ வெள்ளை வந்துகொண்டே இருந்ததாம். மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிழக்கு வரிசையில், தாயின் கல்லுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

நஜ்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. வெளி ஆண்கள் வந்தால் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேச்சு. துணைக்கு அக்கா ஷாகிதா வந்து தங்கினாள். ஓதவும் அழவும் ஆள் இருந்தது. நஜ்மாவின் மனசில் வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ட்ரோன் இன்னும் பறக்கவில்லை. கிழக்கு வரிசை அப்படியே கிடக்கிறது. அந்த ஓரம் சாம்பலாகவே தெரிந்தால் கோடு அதன் மேல் போகும். அந்த ஓரத்தில்தான் அவர் இருக்கிறார்.

ஜுல்ஃபிகர் வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி. யாரையாவது அனுப்புங்களேன்."

"சொல்லிப் பார்த்தேம்மா." தயங்கினார். "பசங்க வர மாட்டேங்கறாங்க. பிடிச்ச பிடியிலேயே ஒருத்தர் மௌத்தான பிரஷ்ஷு. யாரும் தொட மாட்டேங்கறாங்க. மனு போயிருக்கு, பொறுங்க."

துலுக்கானத்துக்கு ஃபோன் செய்தாள். வாளியும் பிரஷ்ஷும் அவர் ஷெட்டில்தான் இருந்தன.

"கோச்சிக்காத தங்கச்சி. நான் பூச மாட்டேன். பகல்லகூட நான் அந்தப் பக்கம் போறதில்ல இப்ப."

"ஏன் அண்ணே?"

"சொன்னா நீ பயந்துக்குவ."

"சொல்லுங்க."

"விடியக்காத்தால சத்தம் வருது. காஞ்ச சுவத்துல பிரஷ்ஷ இழுத்தா கேக்கும்ல, சர்ரு சர்ருன்னு. அது. பிரஷ்ஷு என் ஷெட்டுல காஞ்சிகினு கீது. சத்தம் அங்கேர்ந்து வருது."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பகலும் விடாமல் பெய்தது. ஓட்டிலிருந்து வழியும் தண்ணீரைப் பார்த்தபடி நஜ்மா உட்கார்ந்திருந்தாள். புதிதாகப் பூசிய சுண்ணாம்பு எத்தனை மழை தாங்கும் என்று யாரைக் கேட்பது? அவர் மேற்கில் பூசியதும் கரைந்துபோனால் அங்கே காட்ட ஒன்றுமே இருக்காது. "எல்லாம் அல்லாஹ் பார்த்துப்பான்" என்றாள் ஷாகிதா. "அவனுக்குத் தெரியும் அக்கா, ட்ரோனுக்குத் தெரியணுமே" என்றாள் நஜ்மா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. காலையில் எங்கோ உயரத்தில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் மேற்கே போயிற்று. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அது தேயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரகுநாதன் வந்தார். ஜுல்ஃபிகரும் கூட வந்து உட்கார்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள்.

"சிஸ்டர், நல்ல செய்திதான்" என்றார் ரகுநாதன். "சிவப்பு போட்டாச்சு. பார்த்த உடனே கபர்ஸ்தான்னு தெரியுது, யாரும் கேள்வியே கேட்க முடியாது. கோடு குடோன் பக்கமா வளைஞ்சு போகுது. கொஞ்சம் செலவு கூடினதால பட்டியல்ல ரெண்டு இடம் இறங்கிடுச்சு, ஆனா ரோடு வரும். பஷீருக்கும் அதானே வேணும்? மழையில போயிருக்கும்னு பயந்தேன். நல்லவேளை, உங்க ஆளுங்க திரும்ப எல்லாத்தையும் பூசிட்டாங்க."

"எங்க ஆளுங்களா?" என்றார் ஜுல்ஃபிகர். "நாங்க யாரும் போகலையே சார்."

"போகலையா? அப்ப இது யாரு? படத்துலயே ஒருத்தர் உட்கார்ந்து பூசிக்கிட்டு இருக்காரே."

காகிதம் கைமாறும் சத்தம்.  ஜுல்ஃபிகர் அந்தக் காகிதத்தைத் திரைக்கு அடியில் இந்தப் பக்கம் தள்ளினார். 

ஷாகிதா எட்டிப் பார்த்தாள். "ஆமா, யாரோ ஒருத்தர் குந்திக்கிட்டு இருக்காரு" என்றாள்.

நஜ்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பச்சைப் புல்லில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். மேற்கிலிருந்து கிழக்கு வரை வரிசைகள், கிழக்கு வரிசை உட்பட. மழை பட்ட சுவடே இல்லை. இளம் வெயிலில் ஒவ்வொரு கல்லும் தன் நிழலை மேற்கே நீட்டியிருந்தது. கிழக்கு வரிசையின் கோடியில், இன்னும் புல் முளைக்காத ஒரு மண்மேடு. அதற்குப் பக்கத்தில், பூசாத ஒரு கல். இரண்டுக்கும் நடுவில் அந்த ஆள். மேலிருந்து பார்ப்பதால் முகம் இல்லை. உச்சந்தலை, தோள், விரிந்த கைலி. வலது கை கல்லை நோக்கி நீண்டிருந்தது. இடது கை பின்னால் போய் இடுப்பில் முட்டுக்கொடுத்திருந்தது.

அவள் நிழலைத் தேடினாள். கல்லுக்கு இருந்தது, மண்மேட்டுக்கு இருந்தது, வேலியோரப் புதருக்கும் இருந்தது. அந்த ஆளுக்கு இல்லை.

"தெரிஞ்சவரா சிஸ்டர்?" திரைக்கு அப்பாலிருந்து ரகுநாதன் கேட்டார்.

"தெரியலைங்க" என்றாள் நஜ்மா. படத்தை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்துத் துலுக்கானம் வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசலோடு நின்றுகொண்டு பேசினார்.

"ரோடு வளஞ்சி பூட்டுதாமே, ஜுல்ஃபிகர் பாய் சொன்னாரு. நேத்து அவரையும் இட்டுகினு உள்ள போயி பாத்தேன் தங்கச்சி. தனியா போல, சத்தியமா. எல்லாக் கல்லும் பளிச்சுன்னு கீது. ஒண்ணே ஒண்ணு பாக்கி, பாயோட அம்மாது. யார்னா தெரிஞ்ச பையன வுட்டு அதையும் பூசிரட்டா? ரெண்டு நிமிஷ வேல."

"வேண்டாம் அண்ணே."

"அசிங்கமா கீதும்மா, ஒண்ணு மட்டும் அப்டியே நிக்கறது."

"அது அவர் வேலை. அவர் பார்த்துப்பார்."

துலுக்கானம் வாளியைப் படியோரம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

சாலைக்கு ஜல்லி கொட்டத் தொடங்கிவிட்டார்கள். குடோன் மதிலை ஒட்டி வளைந்து போகிறது. கபர்ஸ்தான் எந்தப் பக்கமும் குறையவில்லை. நஜ்மாவின் இத்தாவும் முடிந்துவிட்டது. கிழக்கு வரிசையில் அவள் மாமியாரின் கல்லுக்கு இன்னும் சுண்ணாம்பு பூசவில்லை.